மூப்பர் வீட்டு வெளிக்கட்டு

பூண்டு பிடுங்குகிற பத்து நாளும் எங்கள் கமுன்டோல் கிராமத்தில் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். நேரம் இருக்காது. ஜூன் மாத மழை தெற்கே கடல் மேல் வந்து நின்றுகொண்டிருக்கும். அது கரையேறுவதற்குள் பிடுங்கி, காயப்போட்டு, தண்டு நறுக்கி, வலைச் சாக்கில் கட்டியாக வேண்டும். கறுப்புக் கல் சுவர்களுக்கு நடுவே பெண்கள், பின்பக்கம் நுரை இருக்கையைக் கட்டிக்கொண்டு, எழுந்திருக்காமலேயே வரிசை வரிசையாக நகர்ந்து போவார்கள். மண்ணும் பூண்டும் வியர்வையும் சேர்ந்த ஒரு வாடை ராத்திரி தலையணை வரைக்கும் கூட வரும்.

அந்த வருஷம் ஆறாம் நாளே மழை வந்துவிட்டது.

எங்கள் கிறிஸ்தவ சபையின் மூப்பர் தோக்பேயின் வயலும் என் வயலும் பக்கத்துப் பக்கம். நடுவில் இடுப்பளவு சுவர். அன்றைக்கு அவர் கூட்டுறவுக் கிடங்குக்குப் போயிருந்தார். அவர் மனைவி கும்ஜா மட்டும் எட்டுக் கூலிப் பெண்களை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெரிய பானையில் சூப் கொண்டுவந்திருந்தாள். பன்றி எலும்பை ராவெல்லாம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் கடல்பாசி போட்டுக் காய்ச்சுவது. கல்யாணமோ சாவோ பூண்டு அறுவடையோ, எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் நடக்காது. கும்ஜாவின் கை அதற்குப் பேர்போனது. இருபது வருஷமாகச் சபைச் சமையலறை அவள் பொறுப்பில்தான் இருந்தது.

எல்லோரும் தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூலிக்கு வந்திருந்த சுன்வாதான் முதலில் பார்த்தாள்.

“அக்கா, பஸ் ஸ்டாப்புல பாரு. டிவியில காட்டுறானுங்களே, அதுல ஒருத்தன்.”

அந்த மாதம் டிவியில் வேறு பேச்சே இல்லை. ஏமன் நாட்டிலிருந்து ஐந்நூறு பேருக்கு மேல் விமானத்தில் வந்து எங்கள் தீவில் இறங்கியிருந்தார்கள். சண்டையிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று ஒரு சேனல் சொல்லும். சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவன் எப்படிச் செல்போன் வைத்திருக்கிறான் என்று இன்னொரு சேனல் கேட்கும். எல்லாம் வாலிபப் பையன்கள், பெண்பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று யார் யாரோ அனுப்பிய செய்திகள் எங்கள் போனிலும் வந்து விழுந்தன. அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு மனு எழுதி, மூப்பர் தோக்பேதான் அதைச் சபையில் வரிசை வரிசையாகக் கொண்டு போனார். நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது பதினேழாவது.

பஸ் ஸ்டாப்பில் இருந்தவன் வலது கையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“பஸ் போய் அரை மணி ஆச்சு, ஏறலியே,” என்றாள் கும்ஜா.

“ஏறலைன்னா உனக்கென்ன? சூப்பு ஆறுது, குடி.”

கும்ஜா ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். சோற்றைப் போட்டாள். குடையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். நான் என் பக்கத்துச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்து குனிந்து வணங்கினான். கிண்ணத்தை இடது கையால் வாங்கினான். உடனே வாயில் வைக்கவில்லை. முகர்ந்து பார்த்தான். கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தலையில் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினான். மாடு கத்துவதுபோல “மோ?” என்று கேட்டான்.

கும்ஜாவுக்குப் புரிந்தது. அவர்கள் பன்றி தின்னமாட்டார்கள் என்று டிவியில் பத்து தரம் சொல்லியிருந்தார்கள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. பானையில் வேறு எதுவும் இல்லை.

“மோ,” என்று சொல்லி அவள் தலையை ஆட்டினாள்.

அவன் இரண்டு கிண்ணம் குடித்தான்.

துண்டைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளங்கை முள்ளங்கிக் கிழங்கு மாதிரி வீங்கி, நடுவில் கறுத்திருந்தது. மீன் பண்ணையில் வேலை பார்த்தவன் என்று பின்னால் தெரிந்தது. தொட்டி மாற்றும்போது மீன் முள் ஏறி நாலு நாள் ஆகியிருந்தது. கை சரியானதும் வா என்று பண்ணைக்காரன் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டான். நகரத்துக்கு நடந்தே போகலாம் என்று கிளம்பியிருக்கிறான். முப்பது கிலோமீட்டர்.

கும்ஜா கூலிப் பெண்களை அப்படியே விட்டுவிட்டு, சின்ன லாரியில் அவனை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கையே போயிருக்கும் என்றார். தினமும் கட்டு மாற்ற வேண்டும், நனையக் கூடாது, எங்கே தங்கியிருக்கிறான் என்று கேட்டார்.

“எங்க வீட்லதான்,” என்று கும்ஜாவின் வாய் சொல்லிவிட்டது. அவளே பின்னால் என் மனைவியிடம் சொன்னாள்: “நான் யோசிக்கவே இல்ல மதினி. யோசிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

*

எங்கள் பக்கத்து வீடுகளில் முற்றத்துக்கு இந்தப்புறம் பெரிய கட்டு, அந்தப்புறம் சின்னதாக ஒரு வெளிக்கட்டு இருக்கும். மூப்பர் வீட்டு வெளிக்கட்டில் அவருடைய அம்மா சாகும்வரை இருந்தார். ஆறு வருஷமாகக் காலி. பூண்டுச் சாக்கும் பழைய தையல் மெஷினும் கிடந்தன.

சாயங்காலம் வந்ததும் மூப்பர் முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

“மிரான் அம்மா, வெளிக்கட்டு வாசல்ல யாரு ஷூ அது?”

கும்ஜா சொன்னாள். அவர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் ஊரெல்லாம் தாளைத் தூக்கிட்டுப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கேன். என் வீட்டுக்குள்ளயே கொண்டு வந்து வச்சிருக்க. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஜனங்க முன்னால நிப்பேன்?”

“கை அழுகுதுங்க.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன, சரி. அதோட விட வேண்டியதுதானே? மிரான் சனிக்கிழமை பாப்பாவக் கூட்டிட்டு வருவா. அவகிட்ட என்ன சொல்லுவ?”

“பத்து நாள். கட்டு பிரிக்கிற வரைக்கும்.”

“பத்து நாள்னு சொல்லித்தான் எல்லாம் ஆரம்பிக்கும்.”

மிரான் அவர்களுடைய ஒரே மகள். நகரத்தில் இருக்கிறாள். அவள் பெண்ணுக்கு ஏழு வயது. வார விடுமுறைக்குப் பேத்தி வருவதை வைத்துத்தான் அந்த வீட்டின் வாரமே ஓடும். மிரானுக்கு மறுநாளே விஷயம் போய்விட்டது.

“அம்மா, உனக்கு மூளை கெட்டுப்போச்சா?” என்று போனில் கேட்டாளாம். “அவன் போற வரைக்கும் நான் பாப்பாவ அனுப்ப மாட்டேன். நீ நல்லது பண்ணு, வேணாங்கல. எம்பொண்ண வச்சுப் பண்ணாத.”

மகள் சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை என்று கும்ஜாவால் நினைக்க முடியவில்லை. அவளும் முதல் இரண்டு ராத்திரி பெரிய கட்டின் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுத்தான் படுத்தாள். முன்பெல்லாம் எங்கள் ஊரில் யாரும் தாழ் போட்டதில்லை.

அவன் பெயர் ஃபவாஸ். எங்கள் நாக்கில் அது பாவாசு ஆகிவிட்டது. அவன் போனில் ஒரு மொழிபெயர்ப்பு இருந்தது. அவன் அரபியில் பேசினால், அதிலிருந்து ஒரு பெண் குரல் ரேடியோச் செய்தி வாசிப்பது போல எங்கள் பாஷையில் சொல்லும். முதல் நாள் காலையில் அது, “மதிப்பிற்குரிய தாயே, தங்கள் கூரை என் தலையை உண்டது. நன்றி,” என்றது. கும்ஜா சிரித்துவிட்டாள். அவன் பயந்துபோய் இன்னொரு தரம் சொன்னான். அப்போதும் கூரை தலையை உண்டது.

மலையடிவாரத்துக் கிராமத்தான். மருந்துக்கடையில் வேலை பார்த்தவன். ஒரு தம்பியைச் சண்டையில் பறிகொடுத்தவன். மலேசியாவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தான். அம்மா இன்னமும் ஊரில்தான் இருந்தாள்.

சும்மா உட்காரத் தெரியாதவன். இடது கையால் பூண்டுத் தண்டு நறுக்கினான். முற்றத்தைப் பெருக்கினான். மழை வலுத்த வாரத்தில் மூப்பர் வயலின் கல் சுவர் நாலு முழத்துக்குச் சரிந்தது. காலையில் மூப்பர் போய்ப் பார்த்தபோது அவன் ஒற்றைக் கையால் பாதிச் சுவரை அடுக்கியிருந்தான். நல்ல நேர்த்தி. கல்லுக்குக் கல் இடைவெளியில் சின்னக் கல்லாகப் பொறுக்கி அடைத்து, எறும்பு போக வழியில்லாமல் வைத்திருந்தான்.

“டேய்! ஓட்டைய அடைக்காதடா!” என்று மூப்பர் ஓடினார். “காத்து எப்படிடா போகும்? ஒரே புயல்ல மொத்தமும் சாயும்!”

அவன் விழித்தான். மூப்பர் சின்னக் கற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஓட்டையில் வாயை வைத்து ஊதிக் காட்டினார். மறுபக்கம் நின்ற என் முகத்தில் மண் அடித்தது. நான் வைத வார்த்தை அவனுக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் சிரித்தான். மூப்பரும் சிரித்தார். சிரித்த பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. புண் ஆறவில்லை, இன்னும் நாலு வாரம் என்றார் டாக்டர். மூப்பர் தன் பழைய சட்டை ஒன்றை எடுத்து வெளிக்கட்டு வாசலில் வைத்தார்.

*

பாஸ்டர் நாம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கடல் தாண்டிப் பெருநிலத்திலிருந்து வந்து ஐந்து வருஷமாக எங்கள் சபையைப் பார்த்துக்கொள்கிறவர். கெட்ட மனுஷர் இல்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து செருப்புகளை ஒழுங்காக அடுக்கி வைப்பவர் அவர்தான். அந்நியனைச் சேர்த்துக்கொள்வது பற்றி வருஷம் ஒரு பிரசங்கம் செய்வார். கும்ஜா வைத்த பார்லித் தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

“மூப்பரே, மூணு குடும்பம் போன வாரம் ஆராதனைக்கு வரல. என்கிட்ட வந்து சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல. வராம இருக்காங்க.”

“தெரியும் பாஸ்டர். என்னாலதான்.”

“அனுப்பிடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நான் பாஸ்டரே இல்ல. ஆனா சபைக்கு ஒரு பதில் வேணும். ஒண்ணு பண்ணுவோம். அந்தத் தம்பி ஆராதனைக்கு வரட்டும். ரெண்டு வாரம் பின்னால உட்காரட்டும். மூணாவது வாரம் முன்னால கூப்பிட்டு, பூச்செண்டு குடுத்து, எல்லாரும் கைதட்டி வரவேற்போம். ஒரு போட்டோ எடுத்து நம்ம மண்டலப் பத்திரிகைக்கு அனுப்புவோம். கர்த்தரத் தேடி வந்தவன்னு தெரிஞ்சா யாரு வாய் திறப்பா?”

“அவன் தேடி வரலியே பாஸ்டர், நாந்தானே கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் கும்ஜா.

“அதுவும் ஒரு வழிதாம்மா.”

மூப்பர் முகத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. கும்ஜாவுக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. மிரான் அந்தப் போட்டோவைப் பார்த்தால் பாப்பாவை அனுப்பினாலும் அனுப்புவாள் என்று அவள் மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

ஞாயிறு ஆராதனைக்குக் கூப்பிட்டதும் அவன் வந்தான். கடைசி பெஞ்சில் மூப்பரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் எழுந்தபோது எழுந்தான். பாடும்போது தரையைப் பார்த்தான். கிழவிகள் அவன் பையில் மிட்டாயைத் திணித்தார்கள். பயந்துகொண்டே திணித்தார்கள், ஆனால் திணித்தார்கள்.

இரண்டாவது ஞாயிறு, சமையலறையில் முள்ளங்கி நறுக்கும்போது சுன்வா சொன்னாள்: “இவ்வளவு எதுக்கு? அவன் அன்னிக்கே ரெண்டு கிண்ணம் பன்னி சூப்பு குடிச்சாச்சு. பாதி ஞானஸ்நானம் அக்கா கையாலயே முடிஞ்சிருச்சு!”

சமையலறை முழுக்கச் சிரித்தது. கும்ஜாவின் கத்தி நின்றுவிட்டது. ஒரு மாசமாக அவள் மனசுக்குள் மூடி வைத்திருந்ததை, நாற்பது பேர் சாப்பிடுகிற இடத்தில் யாரோ மூடி திறந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. எவனாவது ஒருவன் போனைத் திறந்து அவனிடம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டால்?

அன்று மத்தியானமே வெளிக்கட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். போனை நடுவில் வைத்தாள்.

“முதல் நாள் நான் குடுத்த சூப்பு மாடு இல்ல. பன்னி. நீ கேட்டது எனக்குப் புரிஞ்சுது. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். நீ பசியா இருந்த. மன்னிச்சிடுப்பா.”

போன் அதை அரபியில் சொன்னது. அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. எழுந்து போய் முற்றத்துக் குழாயைத் திறந்து, வாயைக் கொப்பளித்தான். ஒரு மாசத்துக்கு முன்னால் குடித்ததற்கு இப்போது திரும்பத் திரும்பக் கொப்பளித்தான். பிறகு வந்து, உட்காராமல் நின்றுகொண்டே போனில் பேசினான். அந்தப் பெண் குரல் எப்போதும் போல அமைதியாகச் சொன்னது:

“எனக்குத் தெரியாது. ஆகவே இறைவன் என்னைக் கேட்க மாட்டான். உங்களுக்குத் தெரியும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அவள் சமைத்ததைத் தொடவில்லை. வெறும் சோறும், தானே அவித்த முட்டையும் சாப்பிட்டான். காலையில் வணக்கம் மட்டும் மாறாமல் சொன்னான். கும்ஜா அழுதது அப்போதுதான். “திட்டியிருக்கலாம் மதினி,” என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். “ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.”

சனிக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் இனி மடங்காது என்றார். திரும்பும் வழியில்தான் கும்ஜா மறுநாள் நடக்கப்போவதை அவனுக்குச் சொன்னாள். பூச்செண்டு, போட்டோ, பத்திரிகை. லாரியை ஓரமாக நிறுத்தித்தான் சொன்னாள். இதையாவது முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

அவன் போனை வாயருகே கொண்டுபோனான். பிறகு போன் பேசியது.

“படம் வேண்டாம். சிலுவையின் கீழ் நான் நிற்கும் படம் எங்கள் ஊருக்குப் போகும். எல்லாப் படமும் போகும். என் தாயின் வாசலுக்கு மனிதர்கள் வருவார்கள்.” கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும்: “ஆனால் நீங்கள் சொன்னால் நிற்பேன். எனக்கு வேறு அறை இல்லை.”

கும்ஜா வீட்டுக்கு வந்ததும் மூப்பரிடம் சொன்னாள். மூப்பர் மறுநாள் ஆராதனைக்குத் தன் முறை ஜெபத்தைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வேணாம்னு பாஸ்டருக்குப் போன் பண்ணுங்க.”

“பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. வராம நின்ன மூணு குடும்பமும் நாளைக்கு வர்றாங்க. இப்பப் போய் என்னன்னு சொல்றது?”

“அவங்கம்மா அங்க தனியா இருக்காங்க.”

“யாரு பார்க்கப் போறா நம்ம சபைப் பத்திரிகைய? நம்மளே பார்க்கறதில்ல.”

“பார்த்துட்டா?”

“மிரான் அம்மா, நான் என்னதான் பண்ணட்டும்? வீட்டுக்குள்ள வச்சேன். சட்டை குடுத்தேன். அதுக்கு மேல ஒரு மணி நேரம் வந்து நில்லுங்கிறேன். அதுகூடக் கேட்கக் கூடாதா?”

“சோறு போட்டதுக்கு அவன் நிக்கணுமா?”

“அப்படிச் சொல்லல!”

“உங்கப்பா கள்ளத்தோணியில ஒசாகாவுக்குப் போய், ஏதோ ஒரு அம்மா வீட்டுப் பரண்ல ஒரு வருஷம் கிடந்தாரே. அந்தம்மா கும்பிடற சாமிய உங்கப்பாவக் கும்பிடச் சொன்னாங்களா?”

“அது வேற!”

“எப்படி வேற?”

மூப்பர் பேனாவை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை மழை தூறலாக விழுந்துகொண்டிருந்தது. கும்ஜா சமையல் வேலைக்காக முன்னாலேயே வந்துவிட்டாள். நான் சபை வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தபோது மூப்பரின் லாரி வந்து நின்றது. வாசலில் ஒரு வாலிபன் காமிராவை மூன்று கால் தாங்கியில் மாட்டிக்கொண்டிருந்தான். பாஸ்டரின் மனைவி கையில் மஞ்சள் பூச்செண்டு.

ஃபவாஸ் லாரியிலிருந்து இறங்கினான். சட்டைக் கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்தான். முகத்தை மழுங்கச் சவரம் செய்திருந்தான். படியில் குனிந்து ஒற்றைக் கையால் ஷூவைக் கழற்றினான். கழற்றிய ஷூவை மற்றவர்களுடைய செருப்புக்கு நேராக ஒழுங்காக வைத்தான். நிமிர்ந்து, அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேட்பதுபோல மூப்பரைப் பார்த்தான்.

மூப்பர் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அறுபத்து நாலு வயசு மனுஷர், அவனுடைய ஷூவைத் தன் கையால் எடுத்தார்.

“ஏறு வண்டியில,” என்றார்.

அவனுக்குப் புரியவில்லை. மூப்பர் ஷூவை லாரிக்குள் போட்டார். அவன் வெறும் காலோடு ஈரத்தில் நடந்து போய் ஏறினான்.

“மூப்பரே, மணி அடிக்கப் போகுது!” என்றாள் பாஸ்டரின் மனைவி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பாட்டு பாடினோம். பிறகு பாஸ்டர், “இப்போது மூப்பர் தோக்பே ஜெபத்தில் நடத்துவார்,” என்றார். தலைகள் குனிந்தன. யாரும் எழுந்து வரவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தலை நிமிர்ந்தது. எனக்குப் பின்னாலிருந்து யாரோ, “எங்கப்பா ஆளு?” என்றது எல்லோருக்கும் கேட்டது. வராமலிருந்து அன்றைக்குத்தான் வந்த பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

சமையலறைப் பக்கத்துக் கதவருகில் நின்ற கும்ஜா, கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து மடித்துப் பெஞ்சில் வைத்தாள். நடுவழியாக நடந்து முன்னால் போனாள். எங்கள் சபையில் அந்த இடத்தில் நின்று பெண்கள் ஜெபித்ததில்லை. பாஸ்டர் ஒரு நொடி தயங்கி, ஒதுங்கி நின்றார்.

“கர்த்தரே,” என்றாள். “கர்த்தரே, மிரான் அப்பா வரல. ஏன் வரலன்னு எனக்கு முழுசாத் தெரியாது. எழுதி வச்ச ஜெபமும் அவர் சட்டைப் பையிலயே போயிடுச்சு. எனக்கு அழகா ஜெபம் பண்ணத் தெரியாது. அந்தப் பையனுக்கு நான் சோத்தோட ஒரு பொய்யையும் சேர்த்துப் போட்டேன். அவன்கிட்ட சொல்லிட்டேன். இப்ப உம்மகிட்ட இவங்க முன்னால சொல்றேன். இன்னிக்கு அவன இங்க நிக்க வச்சுப் படம் எடுத்தா, அவனப் பெத்தவ வாசலுக்கு ஆளு வருமாம். நமக்கு மனசு ஆறணும்னு அந்தம்மாவ நான் விலையாக் குடுக்கப் பார்த்தேன் கர்த்தரே. நானுந்தான் ஆசப்பட்டேன். எனக்குப் பயமா இருக்கு. என் பேத்திய நான் பார்த்து ஒன்றரை மாசம் ஆச்சு. இங்க இருக்கிற எல்லாருக்கும் பயமா இருக்கு. அவங்க கெட்டவங்க இல்ல, பயந்திருக்காங்க. பயத்த எடுத்துடும்னு நான் கேக்கல. எடுக்க நாளாகும்னு தெரியுது. பயந்துகிட்டே சோறு போடறதுக்குப் பெலன் குடும். வேற ஒண்ணும் கேட்கத் தெரியல. ஆமென்.”

திருப்பி ஆமென் சொல்ல வேண்டிய இடம். மழைச் சத்தம்தான் கேட்டது. முதலில் பாஸ்டர் சொன்னார், ரொம்ப மெல்ல. அப்புறம் சுன்வா சொன்னாள். அங்கங்கே ஒன்றிரண்டு குரல். கனைத்த பெரியவர் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் உதட்டை அசைத்தேன். சத்தம் வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று குடும்பமும் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போய்விட்டன. மூப்பர் பொறுப்பிலிருந்து ஒரு வருஷம் ஓய்வில் இருங்கள் என்று சபையில் அவரிடம் சொன்னார்கள். அவர் சரி என்றார். மிரான் அந்தக் கோடை முழுக்கப் பாப்பாவைக் கூட்டிவரவில்லை. அறுவடைத் திருநாளுக்கு வந்தாள், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, சாப்பிடாமல் போனாள். அக்டோபரில் ஃபவாஸுக்கு ஒரு வருஷம் தங்க அனுமதி கிடைத்து, பெருநிலத்தில் ஏதோ தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தான். யாருக்கும் எதுவும் கூடிவந்ததாகச் சொல்ல முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிறு மத்தியானத்தைப் பற்றி.

ஆராதனை முடிந்ததும் கும்ஜா பாத்திரம் கழுவிவிட்டு மழையில் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினாள். நான் என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அவள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது முற்றத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள். மூப்பர் குழாயடியில் குந்திக்கொண்டு மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, கையெல்லாம் செதில். அவன் வெளிக்கட்டுப் படியில் உட்கார்ந்து போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்து வந்து போனை மூப்பர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

திரையில் ஒரு வயதான அம்மா. கறுப்புத் துணி போர்த்தியிருந்தாள். படம் நின்று நின்று வந்தது. மூப்பர் பதறி எழுந்து, கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குனிந்து வணங்கினார். இன்னொரு தரம் வணங்கினார்.

“சரிங்கம்மா, சரிங்க, இருக்கான், நல்லா இருக்கான்,” என்றார். அந்த அம்மா ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டுப் பேசும்போது மொழிபெயர்ப்பு வேலை செய்யாது. மூப்பர் வாசலைப் பார்த்தார்.

“மிரான் அம்மா, இங்க வா. இவங்க என்னமோ கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல.”

கும்ஜா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனாள். திரையில் அந்த அம்மா தன் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். மகனிடம் கேட்டு அவன் சொன்னதை அவள் நம்பவில்லை போல. இன்னொரு பெண்ணிடம் கேட்டாள்.

ஃபவாஸ் தன் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கும்ஜாவைப் பார்த்துச் சட்டென்று தலையை அசைத்தான். வேண்டாம், சொல்லாதீர்கள் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

கும்ஜா அவனைப் பார்த்தாள். பிறகு திரைக்கு நேராகத் தன் வலது கையைத் தூக்கினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடு விரல். மற்ற இரண்டையும் மடக்காமல் நேராக நிறுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் கையைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து, அந்த இரண்டு விரலும் தெரிகிற இடத்தில் வைத்தாள்.